பத்தாயிரம் துப்பாக்கிகள்!

சிக்கிமுக்கிக் கல்லை உரசி நெருப்பு உண்டாக்கிய ஆதிமனிதனைப் பற்றிப் படித்திருப்பீர்கள் குட்டீஸ். அதே கல்லை வைத்துத் துப்பாக்கி சுட்ட காலமும் உண்டு. விசையை இழுத்ததும், கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தி இரும்புத் தகட்டில் மோதும், தீப்பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொண்டு குண்டு பாயும். கல்லும் சுத்தியும் அடங்கிய இந்தப் பகுதிக்குப் 'பூட்டு' என்று பெயர்.

அமெரிக்க ராணுவத்தின் இத்தகைய பழைய துப்பாக்கிகளை இன்றும் பலர் தேடித் தேடிச் சேகரிக்கின்றனர். அவற்றைச் செய்தவர்களில் புகழ்பெற்றவர் எலி விட்னி. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வருகிறதா? அந்த எலி இல்லை!

விட்னி 1765ம் ஆண்டு டிசம்பர் 8ம் தேதி மாசசூசெட்ஸில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அமெரிக்க சுதந்திரப் போர் நடந்தபோது ஆணிக்குத் தட்டுப்பாடு. சிறுவன் விட்னி அப்பாவின் பட்டறையிலேயே ஆணி அடித்து விற்றான்.

1792ல் யேல் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, தெற்கே ஜார்ஜியாவுக்குப் போனார். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்தை 1793ல் அங்கேதான் உருவாக்கினார். காப்புரிமையும் வாங்கினார். ஆனால், பார்த்தவர்கள் எல்லாம் அதே மாதிரி செய்துகொண்டார்கள். பாவம், வழக்கு வழக்கு என்று அலைந்ததுதான் மிச்சம். இன்னொரு கொடுமையும் நடந்தது. பருத்தி லாபம் தரத் தொடங்கியதும் தோட்டங்கள் பெருகின; அவற்றில் வேலை வாங்க, அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் எண்ணிக்கையும் பெருகியது.

கடனில் தவித்த விட்னி, 1798ல் அரசிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். பத்தாயிரம் துப்பாக்கிகள், ஒன்றின் விலை 13 டாலர் 40 சென்ட், கெடு 28 மாதங்கள்! அதுவரை அவர் ஒரு துப்பாக்கிகூடச் செய்ததில்லை. தொழிற்சாலையும் கிடையாது!

அப்போது ஒவ்வொரு துப்பாக்கியையும் கொல்லர் கையால் ராவி ராவிச் செய்வார். அதனால் ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் சின்ன உறுப்பு உடைந்தாலும் துப்பாக்கி வீண்தான். எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் எந்திரத்தால் செய்ய வேண்டும் என்பது விட்னியின் எண்ணம்.

நியூ ஹேவன் நகருக்கு அருகே ஆற்றங்கரையில் ஆலை எழுப்பினார். தொழிலாளர்களைப் பழக்கினார். கெடு முடிந்தது; ஒரு துப்பாக்கிகூடப் போய்ச்சேரவில்லை! 1801ல் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய், குடியரசுத் தலைவர் ஆடம்ஸ், அடுத்துப் பதவியேற்க இருந்த ஜெபர்சன் ஆகியோர் முன் செய்து காட்டினார். பல பூட்டுகளில் எதை எடுத்தாலும் ஒரே துப்பாக்கியில் பொருந்தியது. அனைவரும் வியந்தனர். கூடுதல் அவகாசம் கிடைத்தது. பத்தாயிரமும் கொடுத்து முடிக்க 1809 ஆகிவிட்டது!

1825ம் ஆண்டு ஜனவரி 8ம் தேதி அவர் இறந்தார். உறுப்புகளை மாற்றிப் பொருத்தும் முறையின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரைப் புகழ்ந்தன.

உண்மையைச் சொன்னவை, பத்திரமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பழைய துப்பாக்கிகளே! 1960களில் ஆய்வாளர்கள் அவற்றைக் கழற்றிப் பார்த்தனர். உறுப்புகளில் தனித்தனி அடையாளக் குறிகள்! எது எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று தெரிந்துகொள்ளப் போட்டவை. எல்லாம் ஒரே அளவு என்றால் குறி எதற்கு? வாஷிங்டனில் காட்டியவை தனியாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவையாக இருக்கும் என்றே பலரும் இப்போது கருதுகின்றனர்.

அவர் கண்ட கனவை நிஜமாக்கியவர் ஜான் ஹால். குழாயின் உள்ளே சுருள் வரிகள் கொண்ட துப்பாக்கிக்கு ரைபிள் என்று பெயர். ஹார்பர்ஸ் பெர்ரி என்ற ஊரில், 1820களில், ஹால் செய்த கல் துப்பாக்கி ரைபிள்களை அதிகாரிகள் பிரித்துக் கலந்துபோட்டு மறுபடி பூட்டிப் பார்த்தனர். கச்சிதமாகப் பொருந்தின!

விட்னியின் ஆலை இருந்த இடத்தில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வரும் சிறுவர்கள் மரத்தில் பொம்மைகளும் சிறு எந்திரங்களும் தங்கள் கையாலேயே செய்கிறார்கள்.