பட்டறைப் பையன்களின் டான் பாஸ்கோ

டான் பாஸ்கோ என்றால் பலருக்குப் பள்ளிக்கூடப் பெயர்தான். எனக்கு அவர் நம்ம ஆள்.

1815ல் வட இத்தாலியில் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். தையற்கடை, கொல்லுப்பட்டறையில் வேலை பழகிக்கொண்டே படித்து, 1841ல் பாதிரியார் ஆனார். டூரின் நகரில் பிழைப்புத் தேடி வந்து தெருவில் திரிந்த வேலைக்காரப் பையன்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. 1846ல் வால்டோக்கோவில் ஒரு கொட்டகையைப் பிடித்தார். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எழுத்து, கணக்கு எல்லாம் இலவசம். மெட்ரிக் அளவு வந்தபோது அதற்கென்றே சின்னப் புத்தகம் எழுதினார்.

1852ல் தச்சு பழகும் பையனுக்காக முதலாளியிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்: அடிக்கக்கூடாது, வேறு வேலை ஏவக்கூடாது, ஞாயிறு லீவு. 1853ல் சொந்தப் பட்டறைகள் தொடங்கினார். 1888ல் மறைந்தார்.

நாளைக்கு நாமும் ஃபோர்மேன் ஆவோம். நம்மிடம் வரும் அப்ரண்டிஸ் பையனை எப்படி நடத்தப்போகிறோம்?