கிராமத்துப் பெண்களின் டாக்டர்

உம்மாவோடு தாய் சேய் கிளினிக்கில் காத்திருக்கும்போதெல்லாம் டாக்டர் மேரி ரட்ணத்தை நினைத்துக்கொள்வேன்.

கனடாவில் 1873 இல் பிறந்த அவர், 1896 இல் மிஷன் மருத்துவராக இலங்கை வந்தார். தமிழர் ஒருவரை மணந்ததால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. அவரோ ஊர் திரும்பாமல், கொழும்பிலேயே பெண்களுக்கு வைத்தியம் செய்தார். மருந்து மட்டும் நோயைத் தீர்க்காது. ஏழை வீட்டில் சுத்தமும் சத்துணவும் வேண்டும், தாய்க்கு அறிவு வேண்டும் என்று கண்டார். அதற்காகவே 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களிடம் சுகாதார அறிவைக் கொண்டுசென்றார். 1958 இல் மகசேசே விருது பெற்றார். 1962 இல் மறைந்தார்.

உம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தம்பியின் கிளினிக் கார்டை இன்று நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அவர் தொடங்கிய வேலையில் என் பங்கு இப்போதைக்கு இவ்வளவுதான்.