மேதையைத் துரத்திய விதி

ஓசூர் சிப்காட்டிலே இரவு ஷிப்ட் முடித்து, கண்ணெரிய வீடு திரும்பும் தோழர்களே! பத்தாம் வகுப்பு தேறிய பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பிலே கணக்குப் பிரிவு கேட்டுப் பள்ளி வாசலில் நிற்கும் தந்தையர் உங்களில் பலர். பிள்ளை கணக்கிலே புலி. மொத்த மதிப்பெண்ணிலோ சற்றுக் குறைவு. ஆகவே வேறு பிரிவுக்குப் போ என்று கைகாட்டும் பள்ளிகள் உண்டு. அப்படி நின்ற தந்தை ஒவ்வொருவரும் அறியவேண்டியது கணித மேதை இராமானுஜன் வரலாறு.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டிலே பிறந்தார், கும்பகோணத்திலே வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலிலே கணக்கு என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. 1904-இல் கணக்குக்கான பரிசோடு பள்ளியை விட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது.

அங்கேதான் விதி குறுக்கிட்டது. தலைவிதி அல்ல, தோழர்களே, கல்லூரி விதி! எல்லாப் பாடத்திலும் தேறவேண்டும். ஆங்கிலத்திலே தவறினார், உபகாரச் சம்பளம் பறிபோனது. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் காலை வாரிற்று. 1906-இல் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி, 1907-இல் மீண்டும் தோல்வி. கணக்கைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை என்பது மெய்தான். அதற்காகக் கணக்கின் கதவையும் அடைப்பதா?

பட்டமில்லை, வேலையில்லை. நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து வீடுவீடாக ஏறி இறங்கினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் சில காலம் பணம் கொடுத்துத் தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

1913 ஜனவரியிலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து மதிப்பு வந்தது. இங்கே கண் திறந்தது. எந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பரீட்சையிலே இருமுறை தோற்றாரோ, அதே பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. அசையவே அசையாது என்ற விதி அசைந்தது! 1914-இல் கப்பலேறினார். 1916-இல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-இல் இராயல் சொசைட்டி உறுப்பினர். நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதிலே மறைந்தார்.

இதிலே நாம் கற்கவேண்டியது என்ன? இராமானுஜனை விதி காப்பாற்றவில்லை; வேண்டியவர்கள் காப்பாற்றினார்கள். படித்தவர் உறவும், மேல்சாதித் தொடர்பும், கலெக்டர் வீட்டு வாசலும் அவருக்கு எட்டின. சூளகிரியிலே, தளியிலே, தேன்கனிக்கோட்டையிலே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியிலே தமிழும் ஆங்கிலமும் படித்து, மொழிப்பாடத்தில் நாலு மதிப்பெண் குறையும் ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு எந்தக் கலெக்டரைத் தெரியும்? எந்த ஹார்டி கடிதம் எழுதுவார்?

தயவு தேடி அலைய நமக்கு நேரமில்லை. விதியையே திருத்தவேண்டும். கணக்குப் பிரிவுக்குக் கணக்கின் தேர்ச்சியைப் பார்க்கட்டும். மொழியிலே பின்தங்கிய பிள்ளைக்குத் தனி வகுப்பு வைக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலே சம்பள உயர்வோடு இதையும் தீர்மானமாக எழுதுங்கள். கதவைத் தட்டுவது பிள்ளையின் வேலையல்ல, நம் வேலை!