ஆணி அடிக்காமல் வீடு கட்டியவர்

ஐன்ஸ்டீனைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் அவருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் யாருன்னு கேட்டால்? எங்கள் குழு இறுதியாண்டு ப்ராஜெக்டாக, மரப் பேனல்களைப் பூட்டி எழுப்பும் ஓர் அறையை எடுத்த பிறகுதான் எனக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. கொன்ராட் வாக்ஸ்மன்!

1901-இல் ஜெர்மனியில், ஓடர் நதிக்கரையில் இருக்கும் பிராங்பர்ட்டில் பிறந்தவர். (பெரிய பிராங்பர்ட் வேறு, இது வேறு.) முதலில் கற்றது தச்சு வேலை. உளியும் இழைப்புளியும் பழகிய பிறகுதான் டிரெஸ்டனிலும் பெர்லினிலும் கட்டடக்கலை படித்தார். 1926-இல் நீஸ்கி என்ற சிற்றூரில், மர வீடுகளைத் தயாரித்து விற்ற பெரிய கம்பெனி ஒன்றில் தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

1929-இல் ஐன்ஸ்டீனுக்கு வயது 50. பெர்லின் நகராட்சி அவருக்கு ஏரிக்கரையில் இடம் பரிசளிக்கப் போகிறது என்று பேப்பரில் செய்தி. வாக்ஸ்மன் சும்மா இருப்பாரா? யாரும் கூப்பிடாமலே பெர்லினுக்குப் போய் ஐன்ஸ்டீன் வீட்டுக் கதவைத் தட்டினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை! நகராட்சிப் பரிசு இழுபறியில் போனது. ஐன்ஸ்டீன் சொந்தக் காசு போட்டு, காபுத் கிராமத்தில் அந்த மர வீட்டைக் கட்டிக்கொண்டார். அது இன்றும் நிற்கிறது. ஐன்ஸ்டீனுக்குத்தான் 1932-க்கு மேல் அதில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டான்.

யூதரான வாக்ஸ்மனும் ஊர் ஊராக அலைந்து, ஐன்ஸ்டீன் உதவியோடு 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற வால்டர் குரோபியஸுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் பேனல் வீடு. சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முறை. அடிப்படை அளவு 3 அடி 4 அங்குலம். பேனல் விளிம்புக்குள் மறைந்திருக்கும் உலோகக் கொக்கி. அதை ஓர் ஆப்பு இறுக்கும். ஆணி கிடையாது. நான்கு பேனல்கள் ஒரே மூலையில் கூடினாலும் அதே ஜாயிண்ட்தான். தேர்ந்த கொத்தனாரோ தச்சரோ இல்லாமலே ஆட்கள் சிலர் சேர்ந்து எழுப்பிவிடலாம்.

இதன் அருமை செய்து பார்த்தால்தான் புரியும். எங்கள் மாதிரி அறையின் மேல் மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். பலகை அசையவே இல்லை. முதலில் நெகிழ்ந்தது ஜாயிண்ட்தான். அந்த ஒரு ஜாயிண்டுக்காக அந்த மனிதர் ஏன் வருஷக்கணக்காக உழைத்தார் என்று அன்றைக்கு விளங்கியது.

ஆனால் கதை சுபமாக முடியவில்லை நண்பர்களே. போர்க்காலத்தில், 1942-இல், தொழிலாளர்களுக்கு அவசரமாக வீடுகள் தேவைப்பட்டன. வாக்ஸ்மன் ஜாயிண்டைத் திருத்திக்கொண்டிருந்தார். போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது மறுபடி ஒரு வாய்ப்பு. கலிபோர்னியாவில் பர்பாங்க் என்ற இடத்தில் தொழிற்சாலை தயாராவதற்குள் 1947 ஆகிவிட்டது. அரசாங்கத்தின் அவசர வீட்டுத் திட்டமோ ஓய்ந்துவிட்டது. ஆண்டுக்கு 10,000 வீடுகள் என்று கணக்குப் போட்டார்கள். 200 கூட விற்கவில்லை. கம்பெனி மூடப்பட்டது.

வாக்ஸ்மன் அதோடு ஓய்ந்து உட்காரவில்லை. சிகாகோவில் ஆசிரியர் ஆனார். பிறகு சால்ஸ்பர்க் கோடைப் பள்ளியிலும் பாடம் எடுத்தார். மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிப்பார். ஒரு குழு செய்ததை அடுத்த குழு வாங்கி மேலே கொண்டுபோக வேண்டும். தனி ஆள் பெருமை அங்கே செல்லாது. 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

அவரைத் தோற்றவர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஜாயிண்ட் தோற்கவில்லை, காலம்தான் முந்திக்கொண்டது. ஆகவே அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே! ரிப்போர்ட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை நாளில் முடியும், என்ன விலை, யார் வாங்குவார் என்றும் ஒரு பக்கம் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு பக்கம்தான் வாக்ஸ்மனுக்குக் கைகூடாமல் போனது.

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு