ஜனங்கள் அறிந்த மெட்டு

கேரல் பாட்டு அமைக்க உட்காரும்போதெல்லாம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை நினைக்கிறேன்.

1774-ல் நெல்லைச் சீமையில் பிறந்தார். சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். ஜனங்கள் கேட்டு ரசித்த குறவஞ்சியை எடுத்து, 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அதிலே பவனிவரும் நாயகன் நம் இயேசு ராஜா! பிற்பாடு வந்த மிஷனெரிமாரோடு பாட்டு, ஜாதி வழக்கம் இரண்டிலும் பிணக்கு. ஜாதியை அவர் விடவில்லை, அது குறைதான். 1829-ல் வேலை போயிற்று, பாட்டை விடவில்லை. 1864-ல் மரித்தார்.

எங்கள் நெட்டுக்குப்பம் குழுவில் நாலு குரலாகப் பிரித்தால், வலை இழுத்துவந்த பெரியவங்க ஒதுங்கிடுவாங்க. ஆகவே பல்லவி எல்லாருக்கும் எட்டும் சுருதியில், தாளத்துக்கு டோலக், சரணம் மட்டும் வாலிபர்களுக்கு. கரையோர வீடுகளில் கேட்கிறவர்களும் கூடப் பாடணும். அல்லேலூயா!