இருட்டில் வந்த குருவானவர்
புனித யோசேப் வாஸ் அடிகளாரும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கில் முதலில் எழும் கேள்வி, நட்சத்திரம் வாங்கியாயிற்றா என்பதுதான். அடுத்த கேள்வி துணிமணியைப் பற்றியது. பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. கேக், முறுக்கு, அதிரசம், பட்டாசு, குடில் பொம்மை, சீரியல் விளக்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். சீட்டு எடுத்தவர் பாக்கியவான். எடுக்காதவர் வீட்டம்மாவின் வளையலை அடகு வைக்கிறார். தை அறுவடையில் மீட்டுவிடலாம் என்று வைத்த வளையல், ஆடி வரையில் வட்டி ஏறிக் கிடக்கும் கதை நமக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எடுப்பதைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. நம் வீட்டிலும் எடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் இத்தனையும் வாங்கி முடித்த களைப்பில், நள்ளிரவுப் பூசையில் பிரசங்க நேரத்தில் கண்ணயர்ந்து போகிறோமே, அதுதான் நம்மை உறுத்துகிறது.

யூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுத வேண்டும் என்று கேட்டபோது, புனித சவேரியாரையோ, ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரையோ பற்றித்தான் எழுதுவோம் என்று பலரும் எண்ணினார்கள். நாம் வேறொருவரைத் தேர்ந்துகொண்டோம். அருளானந்தர் மறவ நாட்டில் உழைத்த அதே ஆண்டுகளில், நம் கடலுக்கு அக்கரையில் உழைத்தவர் அவர். அதிராம்பட்டினத்துக் கரையில், அலையாத்திக் காட்டுக்கு அப்பால், தென்கிழக்கே நோக்கி நின்றால், சுமார் 100 கி.மீ. தொலைவில் யாழ்ப்பாணம். அங்கே 1689-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் நடந்ததைச் சொல்வதற்காகவே அவருடைய வரலாற்றை எடுத்தோம்.

1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். நம் நாகப்பட்டினமும் அதே ஆண்டில்தான் அவர்கள் கைக்குப் போயிற்று. இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்க மறைக்கு அன்று முதல் கெட்ட காலம் பிறந்தது. குருக்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தரின் கால்வினிய சபைக்கு மாற்றப்பட்டன. குழந்தைக்கு ஞானஸ்நானம், பிள்ளைகளுக்குத் திருமணம் எதுவானாலும் அவர்களுடைய போதகரிடம் போய்ப் பதிவு செய்தால்தான் செல்லும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் பூசை காணவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யக் குருவில்லை. சாகும்போது அவஸ்தைப் பூசுதல் இல்லை. தாய் தகப்பன் சொல்லிக்கொடுத்த செபங்களும் செபமாலையும் மட்டுமே மிஞ்சின.

இச்செய்தி கோவாவில் ஓர் இளங்குருவின் உள்ளத்தைச் சுட்டது. யோசேப் வாஸ் 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் பெனாலிம் என்ற ஊரில், கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். ஏழைகள் நடப்பதுபோல் வெறுங்காலோடு நடந்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், தம்மைத் தேவமாதாவுக்கு அடிமையாக எழுதிக் கையொப்பமிட்டார். கன்னட நாட்டுக் கரையில் சில ஆண்டுகள் பணி செய்த பின், 1685-இல் கோவாவில் சுதேசக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த குழுவில் சேர்ந்து, புனித பிலிப்பு நேரியாரின் ஒழுங்குமுறையை அதற்குத் தந்து, அதன் தலைவருமானார். தலைமைப் பதவி அவரைக் கட்டி வைக்கவில்லை. மறு ஆண்டே இலங்கையை நோக்கிப் புறப்பட்டுவிட்டார்.

குருவானவர் உடையில் போயிருந்தால் கரையிலேயே பிடிபட்டிருப்பார். அந்நாளில் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் வசம். ஆகவே அடிகளார் கூலியாள் வேடம் பூண்டார். யோவான் என்ற இளைஞர் ஒருவரே துணை. 1687-இல் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறி, புயலில் அலைக்கழிந்து மன்னார்ப் பக்கம் ஒதுங்கி, பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி யாரும் அண்டவில்லை. பெண்மணி ஒருவர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றியதாக வரலாறு. சத்திரத்தில் இடமில்லாத குடும்பத்தின் கதையை ஆண்டுதோறும் குடிலில் வைத்துப் பார்க்கும் நமக்கு இது புதிய கதையன்று.

உடல் தேறியது. ஆனால் கத்தோலிக்கர் யார், அல்லாதார் யார் என்று எப்படி அறிவது? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். உயிர் போகும் காரியம். அடிகளார் ஒரு வழி கண்டார். செபமாலையை வெளியே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். பிச்சை இட்டவர்களின் கையை அவர் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று நாள்தோறும் கவனித்து வந்தார். ஒரு வீட்டில் அந்த மாற்றத்தைக் கண்டு, மெல்லப் பேச்சுக் கொடுத்து, தாம் குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டு வறட்சிக்குப் பின் அந்த வீட்டார் என்ன பாடுபட்டிருப்பார்கள்! மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேட்ட கடைமடை விவசாயிக்குத்தான் அந்த நெஞ்சம் புரியும்.

அதன்பின் பூசை எல்லாம் இரவில்தான். ஒரு வீட்டில் கூடுவார்கள், விடிவதற்குள் கலைவார்கள். மணி கிடையாது. பாட்டு கிடையாது. பகலில் அடிகளார் பிச்சைக்காரர், இரவில் குரு. தமிழையும் கற்றுக்கொண்டு அதிலேயே மக்களுக்கு ஞானோபதேசம் செய்தார். பிறகு, விசுவாசத்தில் உறுதியான கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலை என்ற கிராமத்தைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அங்கிருந்து சுற்றூர்களுக்கெல்லாம் போய்வந்தார்.

இப்படியே 1689-ஆம் ஆண்டின் கிறிஸ்மஸ் வந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நள்ளிரவுப் பூசைக்காக இருட்டோடு இருட்டாக வீடுகளில் கூடியிருந்தார்கள். ஒல்லாந்தத் தளபதிக்கு உளவு போயிருந்தது. நாளை அறிந்தே வலை விரித்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. மற்ற நாளில் பயந்து வராதவர்கூட அன்று வருவார் அல்லவா! சிப்பாய்கள் கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். பலிபீடத்துக்கென்று எடுத்து வைத்திருந்தவற்றைப் பாழாக்கினார்கள். ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துப் போய்ச் சிறையில் அடைத்தார்கள். தேடி வந்த ஆள் மட்டும் கிடைக்கவில்லை. அடிகளார் தப்பினார். கடவுளே அவரைப் பகைவர் கண்ணுக்கு மறைத்தார் என்று பக்தர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிடிபட்டவர்களில் பலர் அபராதத்தோடு தப்பினார்கள். முக்கியமான ஆண்கள் சிலருக்குக் கசையடி. அவர்களுள் டோன் பேதுரு என்பவர், கால்வினிய சபையை விட்டுக் கத்தோலிக்க மறைக்கு வந்தவர் என்பதால் அவர்மேல் கோபம் அதிகம். அடியின் காயத்தாலேயே அவர் உயிர் நீத்தார். மற்றவர்கள் விலங்கோடு கடின வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கிறிஸ்மஸ் இரவில் அவர்கள் பூசை காணவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கிறோம். அந்த வீடுகளில் நட்சத்திரம் தொங்கவில்லை, தொங்கவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். குடில் இல்லை. பலகாரம் சுட்டார்களா, இல்லையா, தெரியாது. ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, ஒரு சிறு அப்பம், கொஞ்சம் திராட்சரசம். அவற்றில் பாலன் இயேசு தங்களிடையே வருவார் என்ற ஒரே நம்பிக்கைக்காக நிலபுலம், மானம், உயிர் எல்லாவற்றையும் பணயம் வைத்து இருட்டில் நடந்து வந்தார்கள். அவர்களுக்குக் கிறிஸ்மஸ் செலவு என்றால் அதுதான்.

நம் ஊருக்கும் அப்படி ஒரு டிசம்பர் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நம் பகுதியைப் புரட்டிப் போட்டது. பேரன் காலம் வரை காய்க்கும் என்று வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. படகுகள் நொறுங்கின. கூரைமேல் தார்ப்பாய் விரித்து வாழ்ந்த நாட்கள் அவை. அந்தக் கிறிஸ்மஸுக்குப் புதுத் துணி எடுத்தவர் குறைவு. யாரும் யாரையும் அதைப்பற்றிக் கேட்கவுமில்லை. பூசைக்கு மட்டும் வந்தோம். கண்ணயர்ந்தவர் யாரும் இருந்ததாக நமக்கு நினைவில்லை.

மீண்டும் அடிகளாரிடம் வருவோம். வேதகலாபனைக்குப் பின் அவர் யாழ்ப்பாணத்தில் தங்க முடியவில்லை. 1690-இல் புத்தளம் சென்றார்; 1692-இல் கண்டி. கண்டி இராச்சியம் ஒல்லாந்தருக்கு அடங்காத சிங்கள அரசு. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன், பௌத்தர். அங்கே பாதுகாப்புக் கிடைக்கும் என்று போனவரை, போர்த்துக்கீசிய ஒற்றர் என்று ஒருவர் கோள்மூட்டிவிட, சிறையில் வைத்தார்கள். அடிகளார் சிறை வளவிலேயே ஒரு குடிசைக் கோவில் எழுப்பினார். சிங்களமும் கற்றார். 1696-இல் மழை பொய்த்து நாடு வாடியபோது, நடுவெளியில் பீடமும் சிலுவையும் வைத்து அவர் செபிக்க மழை பெய்தது என்றும், அதன்பின் அரசர் அவருக்குத் தம் நாடெங்கும் போதிக்க உரிமை தந்தார் என்றும் வரலாறு கூறும்.

மழையைவிட, அடுத்த ஆண்டு நடந்ததுதான் நம் மனத்தைத் தொடுகிறது. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. ஊர் காலியாயிற்று. நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு உறவினரே ஓடினார்கள். அடிகளார் தம் உறவினரான யோசேப் கர்வாலோ சுவாமியோடு அவர்களைத் தேடிப் போனார். கொட்டகை போட்டுக் கிடத்தினார்; புண்ணைக் கழுவினார்; கஞ்சி ஊட்டினார்; இறந்தவர்களைத் தம் கையால் புதைத்தார். கத்தோலிக்கர், பௌத்தர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தமக்குக் கிடைத்த கஞ்சியை அவர் மறக்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒல்லாந்தர் துரத்திய குருவை ஒரு பௌத்த அரசர் காத்ததும் எண்ணிப் பார்க்கத் தக்கது. முஸ்லிம் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில், பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கும், கிறிஸ்மஸுக்கு நம் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கும் தட்டுப் போய்வரும் வழக்கமுள்ள நமக்கு, இதற்கு விளக்கம் தேவையில்லை. கடைச்செலவில் எதைக் குறைத்தாலும் அந்தத் தட்டைக் குறைக்காதிருப்போமாக.

ஆயர் பதவி தேடி வந்தபோது அடிகளார் அதை ஏற்க மறுத்தார். கோவாவிலிருந்து வேறு குருக்களும் வந்து சேர்ந்தார்கள். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் பல ஞான நூல்களை இயற்றினார். ஓய்வில்லாத நடையால் தளர்ந்து, 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். இலங்கைக்கு வந்தபின் கோவாவை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அவரை அடக்கம் செய்த கோவில் பிற்பாடு அழிந்துபோனது. கல்லறை எது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14 அன்று, நம் வீடுகளில் போகி கொண்டாடிய நாளில், திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக் கடற்கரைத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஜனவரி 16 அவருடைய திருநாள். பெரும்பாலும் மாட்டுப் பொங்கலன்று வரும். அன்று காலைப் பூசைக்கு வருகிறவர்கள் சிலரே. கிறிஸ்மஸுக்குக் கட்டிய நட்சத்திரங்கள் சில வீடுகளில் அன்றும் இறக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.