காசித்தும்பையை ஆராய்ந்த முதியவர்: சேர் ஜோசப் ஹூக்கர்

கோடை பிறந்ததும் சட்டன் நகர வீட்டு முற்றங்களிலே, தொட்டிகள் நிறையச் செந்நிறமும் வெண்ணிறமுமாய்ப் பூத்து நிற்கும் பிஸி லிஸி என்னும் சிறு செடியை மாணவர் பலரும் கண்டிருப்பர். அதன் முற்றிய காயை விரலால் தொட்டவுடன் அது வெடித்து விதைகளைச் சிதறும். ஊரிலே நம் பாட்டிமார் வேலியோரத்தில் வளர்த்த காசித்தும்பையின் காயும் அவ்வாறே வெடிக்கும். இரு செடிகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753இல் வெளியிட்ட தம் நூலில் அப்பேரினத்தை இம்பேசியன்சு என்னும் பெயரால் பதிந்தார். பொறுமையற்றது என்பது அச்சொல்லின் பொருள். பொறுமையற்ற அச்செடிகளை வகைப்படுத்துவதற்காகத் தம் முதுமைக் காலத்தைப் பொறுமையோடு செலவிட்டவர் சேர் ஜோசப் டால்டன் ஹூக்கர் ஆவார்.

அன்னார் 1817ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தின் சபக் மாவட்டத்திலுள்ள ஹேல்சுவேர்த் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஹூக்கர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியராக விளங்கியவர். சிறுவயதிலேயே தந்தையாரின் விரிவுரைகளைக் கேட்டு வளர்ந்த மகன், மருத்துவம் கற்றுத் தேறி, 1839இல் எரிபசு என்னும் கப்பலில் துணை மருத்துவராகத் தென்துருவக் கடலுக்குச் சென்றார். நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது தாவரவியலே அவர்தம் வாழ்வென உறுதியாகிவிட்டது.

1847இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட ஹூக்கர், சிக்கிம் நாட்டு மலைகளில் ஏறிச் செடிகளைத் திரட்டினார். 1849இன் இறுதியில் சிக்கிம் அரசின் ஆட்களால் நண்பர் காம்பெலுடன் சில வாரங்கள் சிறை வைக்கவும் பட்டார். இதனைக் காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் அந்நாட்டின் ஒரு பகுதியைத் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். சுமை தூக்கியும் வழி காட்டியும் மரமேறிப் பூப்பறித்தும் ஹூக்கருக்கு உதவிய லெப்சா மக்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தச் செடியின் பெயரிலும் இடம்பெறவில்லை. இக்குறையை நாம் மறத்தலாகாது.

சட்டனுக்குக் கிழக்கே டவுண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சார்ள்சு டார்வினுக்கு ஹூக்கர் உற்ற நண்பர். 1865இல் தந்தையார் மறைந்தபின் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராகி இருபது ஆண்டுகள் பணியாற்றினார். பிரேசில் நாட்டு இறப்பர் விதைகள் 1876இல் கியூவில் முளைக்கவைக்கப்பட்டு, ஏறத்தாழ 2,000 நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டது இவர் காலத்திலேயே. களுத்துறை, சப்பிரகமுவ இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் வரலாற்றோடு கியூவுக்குள்ள தொடர்பு அத்தகையது. இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் பேராதனைப் பூங்காவின் இயக்குநர் டிரைமன் எழுதிவந்த பெருநூல், 1896இல் அவர் இறந்ததால் இடைநின்றது. அதன் எஞ்சிய இரு பகுதிகளையும் எண்பது வயதைக் கடந்து 1900க்குள் நிறைவுசெய்தவர் ஹூக்கரே.

ஏழு தொகுதிகளாய் அமைந்த பிரித்தானிய இந்தியத் தாவர நூலை அதற்கு முன்னரே, 1897இல், முடித்திருந்தார். ஓய்ந்திருக்க வேண்டிய அகவையில், மிகக் கடினமானதெனப் பிறர் ஒதுக்கிய காசித்தும்பைப் பேரினத்தைக் கையிலெடுத்தார். உடன் பயின்ற நண்பர் தொம்சனோடு 1860 அளவில் அவர் தொடங்கிய ஆய்வே அது.

அதன் கடினம் எத்தகையது? காசித்தும்பைப் பூவிலே பின்புறம் வால்போல நீண்ட ஒரு புல்லிதழும், இணையிணையாய் ஒட்டிப் பிறந்த பக்க இதழ்களும் உள்ளன. ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிய இவற்றின் வடிவமே வேண்டும். ஆனால் இதழ்களோ மிக மெல்லியவை, நீர் நிறைந்தவை. தாளிடையே வைத்து உலர்த்தினால் ஒன்றோடொன்று ஒட்டி உருவழிந்துவிடும். ஹூக்கர் உலர்ந்த பூவை நனைத்து இளக்கி, உருப்பெருக்கியின் கீழ் இதழிதழாய்ப் பிரித்து, ஒவ்வொன்றையும் தம் கையாலேயே வரைந்தார். அவ்வாறு வரைந்த படங்கள் கியூவின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ளன. ஒரு பூவுக்கே இத்துணை உழைப்பாயின், நூற்றுக்கணக்கான இனங்களுக்கு எவ்வளவு வேண்டும்!

1904 முதல் 1906 வரை கல்கத்தாவில் வெளியான அவரது தொகுப்பு, இந்திய இனங்களை நிலப்பகுதிவாரியாக வகுத்தது. இமயத்தின் இனங்களும் தென்னாட்டு மலைகளின் இனங்களும் ஏறக்குறைய முற்றிலும் வேறானவை என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனைமலை, நீலகிரி முதலிய மலைகளிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் வேறெங்கும் காணப்படாத காசித்தும்பைகள் பல உள்ளன. விதை சில அடி தூரமே தெறிக்கின்றது. ஈரமும் நிழலும் இல்லாத இடத்தில் செடி பிழைப்பதில்லை. ஆகவே ஒரு காடு அழிந்தால் ஓர் இனமே அழிந்துபோகலாம். இமயத்து இனமொன்று மட்டும் இதற்கு மாறாக, 1839இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று வாண்டில் உள்ளிட்ட ஆறுகளின் கரைகளிற் பரவி, தன்னார்வலர் கூடிப் பிடுங்கும் களையாகிவிட்டது. நம் தொட்டிகளிலுள்ள பிஸி லிஸியோ கிழக்காபிரிக்காவைச் சேர்ந்தது. 1868இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியவரும் ஹூக்கரே.

தொண்ணூறு வயதிலும் பாரிசிலிருந்து வந்த சீனத்து இனங்களை அவர் ஆராய்ந்தார். பணி முடியவில்லை. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், 94ஆம் வயதில் மறைந்தார். இப்பேரினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ள இக்காலத்தில், மரபணு ஆய்வு அவர் வகுத்த பிரிவுகள் பலவற்றை மாற்றியமைத்துள்ளது. எனினும் ஐயம் தோன்றும்போது அறிஞர்கள் அவர் வரைந்த படங்களையே எடுத்துப் பார்க்கின்றனர்.

கியூ பசும்புற்றரையிலுள்ள புனித ஆன் தேவாலயத்தில், தந்தையாரின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். பூங்காவுக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்லலாம். உள்ளேயிருக்கும் நினைவுப் பலகையில் அவர் ஆராய்ந்த ஐந்து செடிகள் புடைப்புருவாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் காசித்தும்பை இல்லை.